காற்றுக்கு வழிவிட்ட கலைஞர்

நுழையும்முன்

கட்டடம் எழுப்பப் பணம் வேண்டும் என்பதை அனைவரும் அறிவோம். அதற்கு ஆற்றலும் வேண்டும் என்பதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். செங்கல்லைச் சுடும் சூளையில் தொடங்கும் ஆற்றல் செலவு, குடிபுகுந்தபின் அறைக்குள் சுழலும் மின்விசிறிவரை தொடர்கிறது. இவ்விரு செலவையும் குறைத்து, எளிய மக்களும் மதிப்போடு வாழத்தக்க கட்டடங்களை எழுப்பிய ஒருவரின் வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

புயலும் வெயிலும்

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், நள்ளிரவு கடந்த வேளையில் கஜா புயல் கரையைக் கடந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தின் ஆலங்குடி வட்டாரத்தில் பல்லாண்டுகளாக வளர்த்த தென்னையும் பலாவும் ஒரே இரவில் சாய்ந்தன. தகரக் கூரைகள் பறந்தன, ஓடுகள் சிதறின. கான்கிரீட் கூரை வேய்ந்த வீடுகளில் புகுந்தவர்கள் அவ்விரவைக் கடந்தனர். இனிக் கட்டுவதாக இருந்தால் கான்கிரீட்டில்தான் கட்ட வேண்டும் என்னும் எண்ணம் ஊர்தோறும் வலுப்பெற்றது. அவ்வெண்ணத்தில் உண்மை உண்டு.

எனினும், சித்திரை மாதத்து நண்பகலில் அதே கான்கிரீட் கூரையின்கீழ் அமர்ந்து பாடம் கேட்டவர்களுக்கு மற்றோர் உண்மையும் தெரியும். காலைமுதல் வெயிலைக் குடித்த கூரை, பிற்பகலில் அவ்வெப்பத்தை அறைக்குள் இறக்குகிறது. மின்விசிறி சூடான காற்றையே சுழற்றுகிறது. மின்சாரம் நின்றால் அதுவும் இல்லை. புயலைத் தாங்கும் கூரை வெயிலைத் தாங்குவதில்லை. வெயிலுக்கு இதமான பழைய கூரை புயலைத் தாங்குவதில்லை. இவ்விரண்டையும் தாங்கும் கட்டடத்தை எளியவர்களின் கைப்பொருளுக்குள் எழுப்ப இயலுமா?

இவ்வினாவுக்கு விடை தேடுவதையே வாழ்நாள் பணியாகக் கொண்டவர் லாரி பேக்கர். இன்று பதினோராம் வகுப்பில் பயில்வோர் பிறப்பதற்கு முன்பே, 2007ஆம் ஆண்டில் அவர் மறைந்துவிட்டார். அவர் எழுப்பிய சுவர்களோ இன்றும் நின்று பாடம் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

பர்மிங்காமிலிருந்து பம்பாய்க்கு

லாரன்ஸ் வில்பிரட் பேக்கர் என்னும் இயற்பெயர் கொண்ட லாரி பேக்கர், 1917ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பிறந்தார். அந்நகரின் கட்டடக்கலைப் பள்ளியில் பயின்று 1937இல் பட்டம் பெற்றார். அவர் தொழிலைத் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே இரண்டாம் உலகப்போர் மூண்டது. போரில் ஆயுதம் ஏந்துவதில்லை என்னும் கொள்கையுடைய குவேக்கர் சமயப் பிரிவைச் சார்ந்தவர் பேக்கர். எனவே, படையில் சேராமல் அப்பிரிவினர் நடத்திய மருத்துவ உதவிக் குழுவில் இணைந்து சீனாவுக்குச் சென்றார். அங்குப் போரில் காயமுற்றோர்க்கும் தொழுநோயாளர்க்கும் பணிவிடை செய்தார்.

உடல்நலம் குன்றித் தாயகம் திரும்பும் வழியில், கப்பலுக்காகப் பம்பாயில் சில மாதங்கள் காத்திருக்க நேர்ந்தது. அப்போது அண்ணல் காந்தியடிகளைச் சந்திக்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. பேக்கர் அணிந்திருந்த காலணி காந்தியடிகளின் கவனத்தை ஈர்த்தது. சீனாவில் கற்றுக்கொண்ட முறையில், வீணான துணித் துண்டுகளைக் கொண்டு அவரே தைத்த காலணி அது. அதிலிருந்து உரையாடல் வளர்ந்தது. நல்ல வீடு என்பது அது கட்டப்படும் இடத்திலிருந்து ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்கும் பொருள்களால் ஆனதாக இருத்தல் வேண்டும் என்னும் காந்தியடிகளின் கருத்து, இளைஞரான பேக்கரின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. அக்கருத்தின் முழுப்பொருளை உணரத் தமக்குப் பல ஆண்டுகள் தேவைப்பட்டதாக அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

1945ஆம் ஆண்டு பேக்கர் இந்தியாவுக்குத் திரும்பி வந்தார். தொழுநோயாளர்க்குத் தொண்டாற்றிய அமைப்பொன்றின் கட்டடக் கலைஞராகப் பணி ஏற்றார். தொழுநோய்க்குப் புதிய மருந்துகள் வரத் தொடங்கிய காலம் அது. நோயாளரை ஒதுக்கிவைக்கும் விடுதிகளை, அவர்களுக்குச் சிகிச்சை அளித்து அனுப்பும் மருத்துவமனைகளாக மாற்றி அமைப்பதே அவருக்கு இடப்பட்ட பணி. ஒதுக்குவதற்காக எழுப்பப்பட்ட சுவரை அரவணைப்பதற்கு உரியதாக மாற்றும் வேலையாக அவருடைய இந்திய வாழ்க்கை தொடங்கியது.

இமயமலைப் பள்ளிக்கூடம்

பேக்கர் 1948இல், கேரளத்தைச் சேர்ந்த மருத்துவர் எலிசபெத் ஜேக்கப்பை மணந்தார். இருவரும் இமயமலைச் சாரலில் உள்ள பித்தோராகர் என்னும் மலையூரில் குடியேறினர். மருத்துவ வசதி எட்டாத அம்மலை மக்களுக்காக அவர்களே மருத்துவமனையை நிறுவினர். எலிசபெத் மருத்துவம் பார்த்தார். பேக்கர் கட்டடம் கட்டியதோடு மருத்துவமனையின் பிற பணிகளையும் செய்தார். இவ்வாறு ஏறத்தாழப் பதினாறு ஆண்டுகள் கழிந்தன.

இங்கிலாந்தில் அவர் பயின்ற பாடநூல்கள் எஃகையும் கண்ணாடியையும் சிமெண்ட்டையும் பற்றிப் பேசின. மலையூரில் கிடைத்தவையோ கல், மண், மரம், சாணம் ஆகியவையே. தொடக்கத்தில் அவருக்குத் திகைப்பு ஏற்பட்டது. மலைவாழ் மக்களின் வீடுகளைக் கூர்ந்து நோக்கியபோது அத்திகைப்பு வியப்பாக மாறியது. சரிவை வெட்டிச் சமன்செய்யாமல் அதன் போக்கிலேயே வீடு எழுப்பியிருந்தனர். குளிரையும் மழையையும் தாங்கும் சுவரின் தடிமனைத் தலைமுறை தலைமுறையாகச் சோதித்துக் கண்டறிந்திருந்தனர். மக்களின் மரபறிவு என்பது எழுதப்படாத பொறியியல் என்பதை அவர் உணர்ந்தார். பட்டம் பெற்ற கலைஞர், எழுத்தறியாத கொத்தனார்களிடம் மாணவரானார்.

எலிப்பொறிக் கட்டு

1963ஆம் ஆண்டில் பேக்கர் இணையர் கேரளத்தின் வாகமண் மலைப்பகுதிக்கு வந்தனர். அங்கும் மருத்துவத் தொண்டு தொடர்ந்தது. 1960களின் இறுதியில் திருவனந்தபுரம் அவர்களின் நிலையான வாழிடமாயிற்று. பேக்கர் ஐம்பது வயதைக் கடந்த பின்னரே அவருடைய புகழ்பெற்ற கட்டடங்கள் பலவும் உருவாயின.

ஒரு பொருளைக் கட்டடத்தில் சேர்க்கும்முன், அது உண்மையிலேயே தேவையா என்று அவர் தம்மைத்தாமே கேட்டுக்கொண்டார். இதுவே அவருடைய பணியின் அடிப்படை. இவ்வினாவைச் செங்கற்சுவரிடம் கேட்டபோது கிடைத்த விடையே எலிப்பொறிக் கட்டு.

வழக்கமான ஒன்பது அங்குலச் சுவரில் செங்கற்கள் படுக்கையாக வைக்கப்படும். சுவர் முழுதும் திண்மையாக இருக்கும். எலிப்பொறிக் கட்டில் செங்கற்கள் பக்கவாட்டில் நிமிர்த்தி வைக்கப்படுகின்றன. உட்புறம் ஒரு வரிசையும் வெளிப்புறம் ஒரு வரிசையுமாகச் செல்ல, இவற்றை இணைக்கக் குறுக்கே செங்கற்கள் வைக்கப்படுகின்றன. நடுவில் சிறுசிறு பெட்டிகள் போன்ற வெற்றிடங்கள் உண்டாகின்றன. சுவரின் தடிமன் குறைவதில்லை. ஆனால், நான்கு செங்கல் செலவாகும் இடத்தில் ஏறத்தாழ மூன்று செங்கல்லே போதுமானதாகிறது, கலவையும் மிச்சமாகிறது. இம்முறை இங்கிலாந்தில் முன்பே வழக்கில் இருந்தது. அதனை நம் நாட்டு வெயிலுக்குப் பொருத்திக் காட்டியவர் பேக்கர். சுவருக்குள் சிறைப்பட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை என்பதால் அறையும் வெம்மை குறைந்திருக்கிறது.

இச்சுவருக்கு அவர் பூச்சுப் பூசுவதில்லை. செங்கல்லின் நிறமே அழகு என்று கருதினார். பூச்சு இல்லை எனில், அதற்கான சிமெண்ட்டும் இல்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வண்ணம் அடிக்கும் செலவும் இல்லை.

ஓடு தாங்கிய கூரை

கான்கிரீட் கூரையைப் பேக்கர் ஒதுக்கவில்லை, அதனை ஆராய்ந்தார். கூரைப் பலகை பளுவால் சற்றே வளையும்போது அதன் மேற்பகுதி அழுத்தப்படுகிறது, கீழ்ப்பகுதி இழுக்கப்படுகிறது. அழுத்தத்தைத் தாங்கும் வலிமை கான்கிரீட்டுக்கு உண்டு. இழுவிசையைத் தாங்குவது கம்பியின் வேலை. அவ்வாறாயின், கம்பிகளுக்கு இடையே கீழ்ப்பகுதியில் நிரம்பியிருக்கும் கான்கிரீட்டின் பெரும்பகுதி, வேலை ஏதுமின்றிக் கூரையின் பளுவையே கூட்டுகிறது.

அவ்விடங்களில் கான்கிரீட்டுக்கு மாற்றாக, இரண்டிரண்டு ஓடுகளைச் சேர்த்து வைத்துக் கூரை வார்க்கும் முறையை அவர் பரப்பினார். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் சீமை ஓடுகளே இதற்குப் போதுமானவை. சிமெண்ட்டும் கம்பியும் குறைந்தன. கூரையின் பளு குறைந்தது. இரு ஓடுகளுக்கு இடையே தங்கும் காற்று, வெயில் கீழிறங்குவதைத் தடுத்தது. உள்ளிருந்து நிமிர்ந்து நோக்கினால் சாம்பல் நிறக் கூரையில் சிவந்த ஓடுகள் கோலப் புள்ளிகளாய்த் தோன்றின.

இச்சிக்கனத்தின் பொருள் பணத்தோடு நிற்பதில்லை. சிமெண்ட் உலை ஏறத்தாழ 1450 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இயங்குகிறது. சுண்ணாம்புக்கல் சூடாகும்போது அக்கல்லிலிருந்தும் கரியமில வாயு வெளியேறுகிறது. செங்கல்லுக்கும் எஃகுக்கும் கண்ணாடிக்கும் எரிபொருள் தேவை. புவி வெப்பமடைதல் பற்றிய பேச்சு பொதுமக்களை எட்டாத காலத்திலேயே, ஒவ்வொரு பொருளுக்குள்ளும் ஒளிந்திருக்கும் இவ்வாற்றலைக் கணக்கிட வேண்டும் என்று பேக்கர் வலியுறுத்தி வந்தார். மேலும், ஆலைப்பொருளுக்குச் செலவிடும் பணம் ஊரைவிட்டு வெளியேறுகிறது. கொத்தனார்க்கும் சித்தாளுக்கும் கொடுக்கும் கூலி ஊரிலேயே தங்குகிறது என்பதும் அவருடைய தெளிவு.

மூச்சுவிடும் சுவர்

சன்னல் என்பது விலைமிக்க பொருள். நிலை, கதவு, கம்பி, கண்ணாடி, கீல் எனக் கூட்டினால், அதே பரப்புள்ள சுவரைவிட அதற்குப் பன்மடங்கு செலவாகும். காற்றும் வெளிச்சமும் வேண்டும் என்பதற்காகத்தானே சன்னல்? அவற்றைச் சுவரே தரலாகாதா எனப் பேக்கர் எண்ணினார். செங்கற்களை இடைவெளிவிட்டு அடுக்கிச் சல்லடைபோலச் சுவர் எழுப்பினார். வட இந்தியாவில் ஜாலி எனப்படும் கல்வலை வேலைப்பாட்டின் எளிய செங்கல் வடிவம் இது. சிறு துளைகளின் வழியே காற்று ஓயாமல் உலவும்; கண்ணைக் கூசச் செய்யும் வெயில் மென்மையான ஒளியாகச் சிதறி உள்ளே விழும்; பாதுகாப்புக்கும் குறைவில்லை. சன்னல் கட்டாயம் தேவைப்படும் இடங்களில் நிலையே இல்லாத சன்னலையும் அமைத்தார். ஒற்றைப் பலகையை மேலும் கீழுமாக இரு துளைகளில் பொருத்திச் சுழலவிட்டால் அதுவே சன்னல்.

திருவனந்தபுரத்தை அடுத்த பூந்துறைக் கடற்கரையில் மீனவர்களுக்காக அவர் வடிவமைத்த குடியிருப்பு இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. ஒரே நேர்கோட்டில் வீடுகளை நிறுத்தாமல், ஒன்றுக்கொன்று சற்று விலகி நிற்குமாறு அமைத்தார். அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் கடற்காற்று கிடைத்தது. கடலும் கண்ணுக்குத் தெரிந்தது. தாழ்ந்து சரிந்த கூரையும் சல்லடைச் சுவரும், சீறிவரும் காற்றை முட்டி மோதாமல் கடந்து செல்லவிட்டன. பெருங்காற்றை எதிர்த்து நிற்கும் வலிமை ஒருவகை. அதற்கு வழிவிட்டு நிற்கும் வலிமை மற்றொரு வகை. பேக்கர் இரண்டாவதையும் அறிந்திருந்தார்.

கல்விக்கூடங்கள்

பொருளியல் அறிஞர் கே.என். ராஜ், அன்றைய கேரள முதலமைச்சர் சி. அச்சுதமேனனின் ஆதரவுடன் திருவனந்தபுரம் உள்ளூரில் வளர்ச்சி ஆய்வு மையத்தை நிறுவினார். அதன் வளாகத்தை உருவாக்கும் பொறுப்பு பேக்கரிடம் அளிக்கப்பட்டது. நூலகம், வகுப்பறைகள், விடுதிகள், குடியிருப்புகள் அனைத்தும் குன்றின் சரிவை ஒட்டி எழுந்தன. நின்ற மரங்களை வெட்டாமல் சுவர்கள் வளைந்து சென்றன. சிறு முற்றங்களில் ஆழமற்ற நீர்நிலைகள் அமைந்தன. நீர் ஆவியாகும்போது குளிரும் காற்று, சல்லடைச் சுவர்களின் வழியே அறைகளுக்குள் புகுந்தது. நம் செட்டிநாட்டு வீடுகளின் நடுமுற்றம் செய்யும் வேலையும் இத்தகையதே. கோட்டயத்தில் கல்வியாளர் மேரி ராய் தொடங்கிய பள்ளியையும் பேக்கரே வடிவமைத்தார்.

இக்காலத்தில் கூறுகூறாகத் தொழிற்சாலையில் செய்து, வண்டியில் ஏற்றிவந்து பொருத்தப்படும் வகுப்பறைகள் பல நாடுகளில் பெருகி வருகின்றன. தேவைக்கேற்ப ஓர் அலகுடன் மற்றோர் அலகைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது அவற்றின் சிறப்பு. பேக்கரின் அலகு இன்னும் சிறியது. கொத்தனாரின் ஒரு கைக்குள் அடங்கும் செங்கல்லே அது. அறையின் நீள அகலங்களைச் செங்கல்லின் அளவையொட்டி அமைத்தால் செங்கல்லை உடைக்கவும் வீணாக்கவும் நேராது. ஊரார் கற்றுக்கொண்டால் அடுத்த அறையை அவர்களே கட்டிக்கொள்ளலாம். பழுதுபார்க்க வெளியூரை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

ஐயமும் ஏற்பும்

புதுமை எதுவும் எதிர்ப்பின்றி நிலைபெறுவதில்லை. நிமிர்த்தி வைத்த செங்கல் பளுவைத் தாங்காது என்று பொறியாளர் சிலர் ஐயுற்றனர். கட்டடச் செலவில் இத்தனை விழுக்காடு ஊதியம் என்னும் நடைமுறை நிலவும் தொழிலில், செலவைக் குறைப்பவரை விரும்பாதோரும் இருந்தனர். மக்களிடமும் தயக்கம் இருந்தது. பூச்சு இல்லாத சுவர், கட்டி முடிக்காத வீட்டைப்போலத் தோன்றியது. மண்ணும் ஓடும் வறுமையின் அடையாளம், கான்கிரீட்டே முன்னேற்றத்தின் அடையாளம் என்னும் எண்ணம் வேரூன்றியிருந்தது. சிக்கன வீடு ஏழைகளுக்கு மட்டும் உரியது என்னும் கருத்தைப் பேக்கர் ஏற்கவில்லை. வசதி படைத்தவரும் தேவைக்குமேல் செலவிடலாகாது என்பதே அவருடைய நிலைப்பாடு.

இம்முறைகளுக்கும் எல்லைகள் உண்டு. எலிப்பொறிக் கட்டுக்குச் சீரான அளவுள்ள நல்ல செங்கல்லும் பயிற்சி பெற்ற கையும் வேண்டும். சுவருக்குள் செல்லும் மின்குழாய்களின் இடத்தை முன்கூட்டியே திட்டமிட வேண்டும். சல்லடைச் சுவரில் சாரல் புகாதிருக்கக் கூரை நன்கு வெளியே நீண்டிருக்க வேண்டும். இவற்றைப் பொருட்படுத்தாமல் கட்டினால் சிக்கனம் பிழையாக முடியும். அதனாலேயே பேக்கர் நாள்தோறும் கட்டுமான இடத்தில் நின்றார். பயன்படுத்திய தாள்களின் பின்புறத்தில் வரைபடம் வரைந்தார். கொத்தனாருடன் கலந்து பேசி அங்கேயே முடிவெடுத்தார். எளிய படங்களுடன் சிறு நூல்கள் பலவற்றை எழுதி, தாம் அறிந்தவற்றை எவரும் பயன்படுத்தும்படி வழங்கினார்.

1985ஆம் ஆண்டில் அச்சுதமேனன், கே.என். ராஜ் முதலியோருடன் இணைந்து காஸ்ட்ஃபோர்டு என்னும் அமைப்பைப் பேக்கர் உருவாக்கினார். ஊரகத் தொழில்நுட்பத்தைப் பரப்பும் அவ்வமைப்பு, இளம்பொறியாளர்களையும் கட்டுமானத் தொழிலாளர்களையும் பயிற்றுவித்து இன்றும் செயல்பட்டு வருகிறது.

1980களின் இறுதியில் பேக்கர் இந்தியக் குடியுரிமை பெற்றார். 1990இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. நாலாஞ்சிராவில் பாறை நிறைந்த சரிவொன்றில், பிரித்தெடுத்த பழைய மரங்களையும் பிறர் கழித்த பொருள்களையும் கொண்டு சிறிது சிறிதாகக் கட்டிய வீட்டில் அவர் இறுதிவரை வாழ்ந்தார். 2007ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், தொண்ணூறாம் வயதில் இயற்கை எய்தினார்.

நம் ஊரும் நம் வகுப்பறையும்

திருவனந்தபுரம் தம்பானூரில், தொடர்வண்டி நிலையத்தின் அருகே, சிவந்த செங்கல்லாலான வட்ட வடிவக் கட்டடம் ஒன்று உள்ளது. பேக்கர் வடிவமைத்த இந்தியன் காபி ஹவுஸ் அது. படிகளின்றிச் சுழன்று மேலேறும் சாய்தளத்தின் ஓரமாக மேசையும் இருக்கையும் செங்கல்லாலேயே அமைந்துள்ளன. சல்லடைச் சுவர்வழியே காற்று வருகிறது. சுமைதூக்கும் தொழிலாளியும் சுற்றுலாப் பயணியும் அங்கு அருகருகே அமர்ந்து பசியாறுகின்றனர். நல்ல கட்டடம் அனைவர்க்கும் உரியது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பேக்கரின் கட்டடங்களை அப்படியே படியெடுத்து ஆலங்குடியில் எழுப்புவது அவருக்குச் செய்யும் சிறப்பாகாது. கேரளத்தின் மழை வேறு. புதுக்கோட்டையின் வெயில் வேறு. அவர் கேட்ட வினாக்களை நம் மண்ணில் நின்று கேட்பதே சிறப்பு. நம் செம்மண் எதைத் தரும்? நம் கொத்தனார்கள் எதை அறிவர்? நம் பாட்டன் வீட்டுத் திண்ணையும் முற்றமும் எதற்காக அமைந்தன? அடுத்த புயலுக்கும் அடுத்த கோடைக்கும் ஒருசேர ஈடுகொடுக்கும் வகுப்பறையை நாம் எவ்வாறு கட்டப்போகிறோம்? இவற்றுக்கான விடைகளை இன்று கூரையின்கீழ் வியர்த்தபடி படிக்கும் மாணவர்களே நாளை எழுத வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலிருந்து ஐந்து மைல், அதாவது ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் சுற்றளவுக்குள் கிடைக்கும் கட்டுமானப் பொருள்களைப் பட்டியலிடுக.

2. உங்கள் வகுப்பறையின் வெப்பநிலையையும் அருகிலுள்ள மரநிழலின் வெப்பநிலையையும் நண்பகலில் ஒரு வாரம் அளந்து, வேறுபாட்டுக்கான காரணங்களை எழுதுக.

3. உங்கள் பகுதியில் உள்ள கொத்தனார் ஒருவரைச் சந்தித்து, அவர் தம் முன்னோரிடமிருந்து கற்ற கட்டுமான நுட்பங்களைக் கேட்டறிந்து வகுப்பறையில் பகிர்க.

4. கான்கிரீட் வீடே முன்னேற்றத்தின் அடையாளமா என்னும் பொருளில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.